மூன்றாம் கட்டுக்கு வைஃபை

மெஷ் வைஃபை பெட்டிகளின் அட்டையில் ஒரு சதுர அடிக் கணக்கு அச்சிட்டிருப்பார்கள். இரண்டு பெட்டி வாங்கினால் இவ்வளவு பரப்பு, மூன்று வாங்கினால் இவ்வளவு என்று. எந்த வீட்டில் அளந்தார்கள் என்று மட்டும் போட மாட்டார்கள். மரச்சட்டம் அடித்து இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை போர்த்திய அமெரிக்க வீட்டுச் சுவரை ரேடியோ அலை பெரிதாக மதிப்பதில்லை, ஊடுருவிப் போய்விடும். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து முழங்கைத் தடிமனுக்கு எழுப்பிய செட்டிநாட்டு வீட்டில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே சதுர அடியைக் கேட்டுப் பயனில்லை. நடுவில் எத்தனை சுவர் என்றுதான் கேட்க வேண்டும்.

காரைக்குடிப் பக்கம் என் நண்பரின் பூர்வீக வீடு அந்த ரகம். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். நண்பர் சிங்கப்பூரில் இருக்கிறார். இங்கே அவருடைய தாயாரும், துணைக்கு ஒரு அம்மாவும்தான். ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்த பையன், கேபிள் உள்ளே நுழைந்த முகப்பு மூலையிலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போயிருந்தான். எந்த ஊரிலும் அப்படித்தான் மாட்டுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய சிக்னலில் பாதி தெருவில் போகிறவனுக்கு. ஆச்சி புழங்குவதோ அடுப்படியை ஒட்டிய மூன்றாம் கட்டில். மகனை வீடியோவில் பார்க்க வேண்டுமென்றால் முழங்கால் வலியோடு நிலைப்படிகளைத் தாண்டி முகப்புக்கு வந்தாக வேண்டும்.

“எது வந்தாலும் ஆம்பளைக உக்கார்ற எடத்தோட நின்னுரும் தம்பி. அந்தக் காலத்துல டெலிபோனும் அங்கதான் இருந்துச்சு” என்றார் ஆச்சி. குறையாகச் சொல்லவில்லை, ஊர் நடப்பைச் சொல்வதுபோலச் சொன்னார்.

சிக்னலை அளக்கும் செயலி ஒன்றைப் போனில் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். அளவு மைனஸ் கணக்கில் வரும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. ரவுட்டர் பக்கத்தில் மைனஸ் 35. வளவில் மைனஸ் 58. இரண்டாம் கட்டில் மைனஸ் 75, அடுப்படி வாசலில் மைனஸ் 88. எண்களைப் பார்த்தால் ஏதோ கொஞ்சம் குறைந்ததுபோல இருக்கும். ஆனால் இதில் 3 குறைந்தாலே பலம் பாதி. 30 குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. வீடியோ தடங்காமல் ஓட மைனஸ் 67-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் நல்லது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

சுவரைத் தவிர இன்னொரு வில்லனும் அங்கே இருந்தது. வளவுக்குப் போகும் வழியில் ஆளுயரத்துக்கும் மேலான பெல்ஜியம் கண்ணாடி. கண்ணாடி அலையை அவ்வளவாகத் தடுக்காது, அதன் முதுகில் பூசியிருக்கும் உலோகம்தான் திருப்பி அடிக்கும். இரும்பு பீரோவும் அப்படியே. தண்ணீர்த் தொட்டி அலையைக் குடித்துவிடும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் நீளம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிகூட இருக்காது. பின்னது வேகம், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும்.

நண்பர் மூன்று பெட்டி கொண்ட மெஷ் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். “சிக்னல் இல்லாத இடத்துலதானே வைக்கணும்? அடுப்படியில வச்சிரு தம்பி” என்றார் ஆச்சி. அவர் மட்டுமில்லை, எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், நகரத்தில் கடை வைத்திருப்பவர்கள் உட்பட. அந்தப் பெட்டி தானாக எதையும் உற்பத்தி செய்வதில்லை. காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்த வீட்டிலேயே முன்பெல்லாம் முகப்பில் யாராவது வந்தால் அடுப்படிக்கு நேரே கத்திச் சொல்ல முடியாது. வளவில் விளையாடும் பிள்ளை ஒன்று கேட்டு உள்ளே குரல் கொடுக்கும். அந்தப் பிள்ளை நிற்க வேண்டியது முகப்புச் சத்தம் தெளிவாகக் கேட்கும் இடத்தில்தான். அடுப்படியில் நின்றால் அதற்கும் ஒன்றும் கேட்காது. ஆகவே முதல் பெட்டி முகப்பில் ரவுட்டரோடு, அடுத்தது வளவின் தாழ்வாரத்தில், இன்னொன்று இரண்டாம் கட்டில். வளவு வானம் பார்த்த முற்றம் என்பதால் அலைக்கு அங்கே தடை குறைவு. நம் பழைய வீடுகளில் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் விட்ட வழியே வைஃபைக்கும் வழி.

பழைய எக்ஸ்டெண்டர்களுக்கும் மெஷ்ஷுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்கள் உண்டு. மலிவான எக்ஸ்டெண்டரில் ரேடியோ ஒன்றே ஒன்று. கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது; அதனால் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகும். பெயரும் பெரும்பாலும் வேறாக இருக்கும். மெஷ்ஷில் வீடு முழுக்க ஒரே பெயர், பெட்டிகள் தமக்குள் பேசிக்கொண்டு எந்த வழியாக அனுப்புவது என்று தீர்மானிக்கும். விலை கூடிய ரகங்களில் பெட்டிக்குப் பெட்டி பேசிக்கொள்ளத் தனி ரேடியோவே இருக்கும். ஆனாலும் எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்ற கடைசி முடிவு போனுடையது. சில போன்கள் முகப்புப் பெட்டியைப் பிடித்த பிடியை விடாமல் அடுப்படி வரை இழுத்துக்கொண்டு வரும். வைஃபையை அணைத்துப் போட்டால்தான் புத்தி வரும்.

இந்த அலையைக் கையாலாகாதது என்றும் நினைத்துவிடக் கூடாது. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்று ஆனது 2005-ல். அதையொட்டிய ஆண்டுகளில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து சுற்றுவட்டாரக் கிராமக் கண் மையங்களுக்கு, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதே வைஃபையை வைத்துப் பல கிலோமீட்டருக்கு இணைப்புக் கொடுத்தார்கள். கிராமத்தில் இருக்கும் நோயாளியை டாக்டர் தேனியிலிருந்தபடியே வீடியோவில் பார்த்தார். 2007-ல் வெனிசுவேலாவில் எர்மன்னோ பியெத்ரோசெமோலி இரண்டு மலைகளுக்கு நடுவே 382 கிலோமீட்டர் எட்டிக் காட்டினார். ஒரே திசையில் குவித்து அனுப்பும் ஆண்டெனா, இடையில் எதுவும் மறைக்காத நேர்ப்பார்வை, அத்துடன் இவ்வளவு தூரத்துக்கு ஏற்றபடி திருத்திய மென்பொருள். அப்படிப்பட்டது ஒரு அடுப்படிச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆச்சிக்குத் தினசரி வீடியோவுக்கு அந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. ஆனால் வீட்டில் சாந்தி வைபவம் வந்து பங்காளிகள் கூடியபோது திணறியது. ஒரே காற்றில் எல்லாப் போனும் முறை வைத்துத்தான் பேச வேண்டும். தூரத்தில் நின்று மெதுவாக இழுக்கும் ஒரு போன், பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் புதுப் போனின் நேரத்தையும் தின்றுவிடும். அதற்கு வைத்தியம் இன்னொரு பெட்டி இல்லை, கேபிள். பெட்டிகளைக் கேபிளால் இணைத்துவிட்டால் காற்று முழுவதும் போன்களுக்கு மிஞ்சும். என்னைக் கேட்டால் கேபிள் இழுக்க வழியுள்ள வீட்டில் முதலில் கேபிள்தான், மெஷ் அப்புறம். இரண்டு படுக்கையறை அடுக்ககத்துக்கு மெஷ் வாங்குவது வீண் செலவு. ரவுட்டரை நடுக்கூடத்துக்கு நகர்த்தினாலே தீரும்.

இங்கே சுவரில் துளை போட ஆச்சி சம்மதிக்கவில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சு, தொட்டால் பளிங்குபோல வழுக்கும். அதில் டிரில்லை வைக்க எனக்கும் மனமில்லை. எலக்ட்ரீஷியன் மேலே பார்த்தார். தாழ்வார ஓட்டுக்கு அடியில் ஓடும் தேக்குச் சட்டங்களோடு கேட் 6 கேபிளைப் படியவிட்டு, பழைய மின்கம்பி போயிருந்த துளை வழியாகவே இரண்டாம் கட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். கீழே நின்று பார்த்தால் தெரியாது.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் போட்டாயிற்று. பெட்டிகளை இன்வெர்ட்டர் லைனில் மாற்றிக் கொடுத்தார் எலக்ட்ரீஷியன். அதற்குப் பிறகும் இரவு ஒன்பதரைக்கு மேல் மூன்றாம் கட்டில் இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது. துணைக்கு இருக்கும் அம்மாவின் சீரியல் பாதியில் நின்றுவிடும். காரணம் ஆச்சியே. படுக்கப்போகும் முன் வீட்டைச் சுற்றிவந்து எரிகிற சுவிட்ச் எல்லாவற்றையும் அணைப்பது அவருடைய வழக்கம். வளவுப் பெட்டியும் அதில் ஒன்று. “வெளக்கு எரியிறதப் பாத்துட்டு எப்படித் தம்பி படுக்குறது?” என்றார். எச்சரிக்கைச் சீட்டு ஒட்டலாமா என்று யோசித்தேன். பிறகு செயலியைத் திறந்து, பெட்டியின் முகப்பில் எரியும் அந்தச் சின்ன விளக்கை மட்டும் அணைத்து வைத்தேன். அன்றிலிருந்து ஆச்சி அந்த சுவிட்சைத் தொடுவதில்லை. அது ஏற்கெனவே அணைந்திருக்கிறது என்பது அவர் நினைப்பு.