அம்மா சொன்ன கறுப்பு

மலத்தைப் பற்றி எழுதுவதா என்ற தயக்கம் எங்களுக்குள் இருந்தது. பேசக் கூசியதால் அப்பாவை இழக்க இருந்தோம், ஆகவே எழுதுகிறோம்.

முத்தியால்பேட்டை வீட்டில் அது ஐப்பசி மழைக்காலம். முழங்கால் வலிக்காக மருந்துக்கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்குவது அப்பாவின் வழக்கம். சோர்வாக இருக்கிறதென்று பரிசோதித்தபோது இரத்தம் குறைவாக இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்துகொண்டது. ஒரு வாரம் கழித்து அம்மா எங்களைத் தனியே அழைத்து, "அப்பாவுக்குக் கருப்பா போகுதுப்பா, தாரு மாதிரி ஒட்டுது" என்றாள். "இரும்பு மாத்திரை சாப்பிட்டா அப்படித்தாம்மா இருக்கும்" என்றோம். படித்த பிள்ளைகள் அல்லவா.

நாங்கள் சொன்னது பொய்யில்லை. இரும்பு மாத்திரை மலத்தைக் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ மாற்றும். ஆனால் அது மினுமினுக்காது, ஒட்டாது, அந்தக் குடலைப் பிரட்டும் நாற்றமும் இராது. இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ கசியும் இரத்தம் அமிலத்தாலும் நொதிகளாலும் சிதைந்து வெளிவரும்போதுதான் தாரைப் போலாகிறது. 50 முதல் 100 மில்லி இரத்தமே அதற்குப் போதும். அம்மா நிறத்தை மட்டுமா சொன்னாள்? ஒட்டுகிறது என்றாளே. நாங்கள் பாதியைத்தான் காதில் வாங்கினோம்.

மூன்றாம் நாள் கழிவறை வாசலில் அப்பா மயங்கிச் சரிந்தார். கொட்டும் மழையில் ஆட்டோ பிடித்துக் கோரிமேட்டு ஜிப்மருக்குக் கொண்டு போனோம். இரத்தம் ஏற்றினார்கள், உள்நோக்கிக் குழாய் செலுத்திப் பார்த்து, முன்சிறுகுடலில் புண் என்றார்கள். குடலின் உட்பூச்சைக் காக்கும் சுரப்பை வலி மாத்திரைகள் அரித்துவிட்டிருந்தன. முதல் சோர்வே அந்தக் கசிவினால்தான் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடியோடும் நாவோடும் மலமும் ஒன்று. அம்மா அந்த நூல்களைக் கண்டவள் அல்லள். எங்கள் மூவரின் துணிகளையும் துவைத்தவள். முதல் நாளின் கரும்பச்சை, பிறகு தாய்ப்பாலின் மஞ்சள் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். மலத்துக்குப் பழுப்பைத் தருவது பித்தநீர். அது குடலுக்கு வராவிட்டால் மலம் சுண்ணாம்பாய் வெளுக்கும். பச்சிளங்குழந்தைக்கு அப்படிப் போனால் பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். 60 நாளுக்குள் அறுவை செய்தால் பலன் மிகுதி. தைவானில் 2004 முதல் தாய்மார்களுக்குத் தரும் கையேட்டில் மல நிற அட்டையே உண்டு. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "இதுக்கு அட்டை வேறயா?" என்று சிரித்தாள்.

அப்பா இப்போது வலி மாத்திரையைத் தொடுவதில்லை. காலையில் கழிவறையிலிருந்து வந்ததும் அடுக்களை வாசலில் நின்று, வெட்கத்தை விட்டு, "இன்னிக்கு மஞ்சதான்" என்கிறார். அம்மா தலையாட்டிவிட்டுக் காப்பியை நீட்டுகிறாள்.