கேசட்டில் இருந்த ராப்சன் மாமா

கொஞ்ச நேரம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

எங்க வீட்டு அலமாரியில மொத்தம் 17 கேசட். 16 இளையராஜா. மிச்சமிருந்த ஒண்ணுல நீல மையில "பால் ராப்சன்"னு மட்டும் எழுதியிருக்கும். அப்பாவோட யூனியன் நண்பர் ஒருத்தர் பழைய இசைத்தட்டுல இருந்து பதிஞ்சு குடுத்தது. அப்பா அப்போ கோயம்புத்தூர்ல ஒரு மில்லுல வேலை. ஞாயித்துக்கிழமை எனக்கு எண்ணெய் தேய்ச்சு விட்டுட்டு, ஊற விட்ட நேரத்துல அந்தக் கேசட்டைப் போடுவார். சீயக்காய் வாசனை வந்தா இன்னிக்கும் எனக்கு அந்தக் குரல்தான் ஞாபகம் வரும்.

குரல்னா குரல், கிணத்துக்குள்ள இருந்து ஒருத்தர் பேசற மாதிரி. முதல் பாட்டு பத்து நிமிஷத்துக்கும் மேல ஓடும். பேரு 'பேலட் ஃபார் அமெரிக்கன்ஸ்'. எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனா விளையாட்டு புரிஞ்சிருச்சு. ஒரு கூட்டமே சேர்ந்து அவரை ஏதோ கேக்கும், அவர் பதில் சொல்லாம நழுவுவார். மறுபடி கேக்கும், மறுபடி நழுவுவார். "என்னப்பா கேக்கறாங்க?"ன்னேன். "நீ யாருன்னு கேக்கறாங்க கண்ணு. அவரு சொல்ல மாட்டேங்கறாரு." கடைசியில மூச்சு விடாம ஒரு பட்டியல் போடுவார். எல்லாத் தொழில்காரனும் நான்தான், எல்லா நாட்டுல இருந்து வந்தவனும், எல்லா மதத்துக்காரனும் நான்தான்ங்கற மாதிரி. அப்புறம்தான் தன் பேரைச் சொல்வார், அமெரிக்கான்னு. ஈரத் தலையோட நானும் கூடவே உளறுவேன். அந்தப் பட்டியல்ல இஞ்சினியர் உண்டுன்னு பல வருஷம் கழிச்சுத் தெரிஞ்சப்ப ஒரு அல்ப சந்தோஷம் :-)

ஜான் லாடூஷ் எழுதி ஏர்ல் ராபின்சன் இசையமைச்ச பாட்டு. 1939 நவம்பர் 5ஆம் தேதி சிபிஎஸ் ரேடியோவுல ராப்சன் பாடினார், அமெரிக்காவே தூக்கி வச்சுக் கொண்டாடிச்சு. 1940ல இசைத்தட்டு வந்தது. அதே வருஷம் குடியரசுக் கட்சி மாநாட்டுலயும் இந்தப் பாட்டு, கம்யூனிஸ்ட் கட்சி மாநாட்டுலயும் இந்தப் பாட்டு. நம்மூர்ல இப்படி ஒரு பாட்டைக் கற்பனை பண்ணிப் பாருங்க! ஆனா அதே 1940ல இதைப் பாட லாஸ் ஏஞ்சலஸ் போன ராப்சனுக்குப் பெரிய ஓட்டல்கள் ரூம் தரல. கறுப்பர் இல்லையா.. ஒரே ஒரு ஓட்டல் சம்மதிச்சது, வேற பேர்ல பதிவு பண்ணிக்கணும்னு.

நான் மூணாவது படிக்கறப்ப அப்பாவுக்கு வேலை போச்சு. ஸ்ட்ரைக் முடிஞ்சு மத்தவங்களை உள்ளே விட்ட மில்லு, அப்பாவையும் இன்னும் சிலரையும் மட்டும் விடல. ஒரு ஹார்டுவேர் கடையில கணக்கு எழுதப் போனார். பல மாசம் அந்தக் கேசட் அலமாரியை விட்டு இறங்கல. அடுத்த ஆகஸ்ட் 15 அன்னிக்குக் காலையில அப்பா எப்பவும் போல சட்டையில கொடி குத்திக்கிட்டு நின்னார். எனக்குச் சுர்ருன்னு வந்திருச்சு. "உங்களைத்தான் தொரத்தி விட்டுட்டாங்களே, அப்புறம் எதுக்குங்ப்பா கொடி?"

"தொரத்துனது மில்லு கண்ணு"ன்னார். அப்புறம் கேசட்டைப் போட்டுட்டு, முதல் தடவையா அந்தப் பாடகரோட கதையைச் சொன்னார்.

ராப்சனோட அப்பா அடிமையாப் பிறந்து தப்பி ஓடினவர். மகன் வக்கீலுக்குப் படிச்சார், கால்பந்து ஆடினார், ஒத்தெல்லோவா நடிச்சார். கறுப்பர்களை அடிச்சுக் கொல்றதைப் பத்தி வாயைத் திறந்தார், சோவியத் யூனியனைப் பாராட்டினார். 1949ல பீக்ஸ்கில்ங்கற ஊர்ல அவர் கச்சேரிக்கு வந்தவங்களைக் கல்லால அடிச்சாங்க. 1950ல பாஸ்போர்ட்டைப் பிடுங்கினாங்க. வெளிநாடு போகவும் முடியாது, உள்ளூர்ல அரங்கமும் கிடைக்காது.

அடுத்த கட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1952 மே 18, கனடா எல்லை. ஒரு லாரி மேல ஏறி நின்னு பாடினார், அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான ஜனம் நின்னு கேட்டது. 1957ல அதுக்கும் மேல. அட்லாண்டிக் கடலுக்கடியில முதல் டெலிபோன் கேபிள் போட்டு ஒரு வருஷம்கூட ஆகல. ஒரே நேரத்துல 36 பேச்சுதான் தாங்கும், வழி நெடுக வால்வு ஆம்ப்ளிஃபயர். அதுல நியூயார்க்கில இருந்து பாடினார், லண்டன்ல ஒரு அரங்கமே உக்காந்து கேட்டது. சில மாசம் கழிச்சு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளிகளுக்காகவும் அப்படியே பாடினார். ஆள் போகத்தான் பாஸ்போர்ட் வேணும், சிக்னலுக்கு வேணாமே! தகவல் தொடர்பு பேப்பர்ல ரெண்டு தடவை அரியர் வச்ச எனக்கே அந்தக் கேபிள் மேல காதல் வந்தது இதனாலதான்.

1958ல உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்குல 5க்கு 4னு தீர்ப்பு சொன்னப்புறம்தான் பாஸ்போர்ட் திரும்பிச்சு. அந்த வருஷம் அவரோட 60ஆவது பிறந்த நாளை இந்தியாவுல கொண்டாடினாங்க, நேருவும் வாழ்த்தினார். இதைச் சொல்றப்ப அப்பா முகத்துல அவரே விழா நடத்தின மாதிரி ஒரு பெருமை!

காலேஜ் மூணாவது வருஷம் நானே தேடிப் படிச்சப்ப, அப்பா சொல்லாத ஒண்ணு கிடைச்சது. 1949ல மாஸ்கோ போன ராப்சன், தன் நண்பரான யூதக் கவிஞர் ஃபெஃபரைப் பார்க்கணும்னு கேட்டார். சிறையில இருந்து கூட்டிட்டு வந்தாங்க. ரூம்ல ஒட்டுக் கேட்பாங்கன்னு சைகையிலயும் துண்டுச் சீட்டுலயும் ஃபெஃபர் நிலைமையைச் சொன்னாராம். இது ராப்சனோட மகன் பின்னாடி சொன்னது. அங்கே மேடையில ஃபெஃபர் பேரைச் சொல்லி, யூதப் போராளிகளோட பாட்டையும் ராப்சன் பாடினார், அது பெரிய தைரியம்தான். ஆனா ஊர் திரும்பினதும் அங்கே அப்படி ஒண்ணும் கொடுமை இல்லைன்னுட்டார். 1952 ஆகஸ்டுல ஃபெஃபரைச் சுட்டுக் கொன்னாங்க. அதே வருஷம்தான் ராப்சனுக்கு ஸ்டாலின் பரிசு.

ஏதோ ஜெயிச்சுட்ட மாதிரி அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"தெரியும்"னார்.

"எப்பருந்துங்ப்பா?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே. சோவியத் ஒடைஞ்சப்புறம் ஒவ்வொண்ணா வந்துச்சே."

"அப்புறமும் எதுக்குக் கேசட்டைப் போட்டீங்க?"

ரொம்ப நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிருச்சோன்னு பார்த்தேன். அப்புறம், "அந்தாளு பேசியிருக்கணும் கண்ணு. பேசாதது தப்புதான். அதுக்காகப் பாட்டை எப்படி நிறுத்தறது?"ன்னார். எனக்கு அது முழுப் பதிலாப் படல. அன்னிக்கு விவாதம் பண்ணவும் தோணல.

கேசட் எப்பவோ நாடா சிக்கி அறுந்துபோச்சு. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப யூடியூப்ல தேடி, என் போன்ல அதே பாட்டைப் போட்டுக் காட்டினேன். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே இருந்தார். நடுவுல சட்டுனு கண்ணைத் திறந்து, "இதுல கேப்பே இல்லையே?"ன்னார்.

எனக்கும் உடனே புரிஞ்சது. எங்க கேசட்டுல நண்பர் தட்டைத் திருப்பிப் போட்ட இடத்துல நாலஞ்சு செகண்ட் வெறும் உஸ்ஸுன்னு ஓடும். மாமா தண்ணி குடிக்கறாருன்னு சின்ன வயசுல நினைச்சுக்குவேன். அதை அப்பாகிட்டச் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே, "நானும் அப்படித்தான் நெனச்சுக்குவேன். முதல்ல இருந்து போடு"ன்னார்.