கொடுக்கப்பட்ட இடம்

எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவரை எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ண நான் இடம் கொடுக்கவில்லை. அப்போது சேகரச் செயலராக இருந்தேன். தடுப்பதற்கு எந்த விதியும் இல்லை. இடமும் இருந்தது. தடுத்தவன் நான். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

நான் திருநெல்வேலிக் கிறிஸ்தவன். பரம்பரைக் கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு. என் முன்னோர் முதலூருக்கு ஓடிவந்தவர்கள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். புது விசுவாசத்துக்கு வந்த ஏழை ஜனங்களைச் சொந்த ஊர்க்காரர்களே அடித்து விரட்டினார்கள். அப்படி விரட்டப்பட்டவர்கள் ஒதுங்குவதற்கென்றே 1799-ல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முன்னின்று உண்டாக்கிய ஊர் முதலூர். குடிசை போட இடமில்லாமல் வந்தவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. அந்த இடத்திலிருந்துதான் என் குடும்பம் பிழைத்து, படித்து, உத்தியோகத்துக்குப் போய், வேறு ஊரில் வீடு கட்டியது.

இந்தச் சரித்திரம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். குளோரிந்தா ஒரு பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு மணமாகாமல் வாழ்ந்ததால் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் அவருக்கு ஞானஸ்நானம் தர மறுத்தார். பிறகு 1778-ல் பாளையங்கோட்டையில் கொடுத்தார். 1780-ல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் முதல் பெயர் அவருடையது. மறுக்கப்பட்ட ஒரு பெண்ணின் பெயரில் தொடங்கிய சபை இது. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912-ல் தோர்ணக்கல் பேராயராகி, மாலா, மாதிகா என்ற தலித் மக்கள் நடுவே உழைத்ததையும் சொல்வேன். அவர் முன்னின்று 1903-ல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து தவறாமல் காணிக்கை போகும். தூரத்தில் இருக்கிற எளியவர்களுக்கு நான் தாராளமாகக் கொடுத்தேன். பக்கத்தில் வந்து நின்றவர்களுக்கு என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

நான் இடம் கொடுக்காதவரின் குடும்பம் ஊருக்குக் கிழக்கே இருக்கிற காலனியிலிருந்து சபைக்கு வந்தது. அவர் கல் உடைக்கிற வேலைக்குப் போவார். அந்த அம்மா பீடி சுற்றுவார்கள். ஒரு மகன். மூன்று பேரும் ஒன்றாக ஞானஸ்நானம் எடுத்தார்கள். ஞானஸ்நானம் எடுத்தால் என்ன போகும் என்று அவர்களுக்குத் தெரியும். 1950-ல் வந்த ஜனாதிபதி ஆணைப்படி தலித் மக்கள் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி என்ற தகுதி போய்விடும். அந்தக் கதவு 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் திறந்தது. கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. நம் மாநிலத்தில் அவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். பையன் அப்போது மேல்படிப்புக்குப் போகிற வயது. தாசில்தார் ஆபீஸில் உண்மையைச் சொல்லி பி.சி. சான்றிதழ் வாங்கினான். இந்த விசுவாசத்துக்காக நான் ஒரு பைசா இழந்ததில்லை. அவர்கள் மகனின் படிப்பையே பணயம் வைத்தார்கள். அப்படியிருந்தும் கோயிலில் கடைசி வரிசையில்தான் உட்காருவார்கள். முன்னால் வாருங்கள் என்று நான் ஒருநாளும் கூப்பிடவில்லை.

அவர் மே மாதத்தில் இறந்தார். வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. குருவானவர் பாளையங்கோட்டைக்கு மீட்டிங்குக்குப் போயிருந்தார். உபதேசியாரும் அந்தப் பையனும் என் வீட்டுக்கு வந்தார்கள். பையன் திண்ணையில் ஏறவில்லை. கீழேயே நின்றான்.

“தோட்டத்துல குழி வெட்டச் சொல்லட்டுமா, ஐயா?” என்று உபதேசியார் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்தச் சில நொடிகளில் மனசில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். காலியாக இருந்த இடம் என் தாத்தாவின் பளிங்குக் கல்லறைக்கு அடுத்தது. காலனியிலிருந்து யாரையும் அதுவரை அங்கே வைத்ததில்லை. என் மகளுக்கு ஒரு பெரிய குடும்பத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். அவர்களுடைய பெரியவர்களும் அதே வரிசையில்தான் இருக்கிறார்கள். நாளைக்கு என்னைக் கேட்பார்கள். இவ்வளவுதான் என் யோசனை. இறந்தவரைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை. தேவனைப் பற்றியும் இல்லை.

“கமிட்டி கூடித்தான் முடிவெடுக்கணும்” என்றேன். மே மாத வெயிலில் உடல் கமிட்டிக்காகக் காத்திருக்காது என்று தெரிந்தே சொன்னேன். பிறகு பையனைப் பார்த்து, “தம்பி, குளத்துக்கரையில உங்க ஆட்களுக்கு இடம் இருக்குல்லா?” என்று கேட்டேன்.

அவன் “சரிங்கய்யா” என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் குளத்துக்கரையில் அடக்கம் பண்ணினார்கள். நான் போனேன். வெள்ளை வேட்டி கட்டிப் போனேன். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து எல்லோரோடும் சேர்ந்து பாடினேன். ஒரு பிடி மண்ணும் போட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

எங்கள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கையைக் கவரில் போட்டு, காரணத்தையும் எழுதித் தருவார்கள். ஆராதனையில் அதைச் செயலர் வாசிக்க வேண்டும். என் குடும்பக் கவர்களையும் நானே வாசித்திருக்கிறேன். மகனுக்கு வேலை, புது வீடு, மகளின் திருமணம். பெற்றுக்கொண்டதற்கெல்லாம் ரசீது கொடுப்பது போலத்தான் நான் தேவனுக்கு நன்றி சொல்லிவந்தேன்.

அந்த வருஷத்து ஸ்தோத்திரப் பண்டிகையில் ஒரு கவர் வந்தது. பத்து ரூபாய் நோட்டுகள். மேலே, என் வீட்டுக்காரர் சாகும்முன் இயேசுவை அறிந்துகொண்டதற்காக ஸ்தோத்திரம் என்று பென்சிலில் எழுதியிருந்தது. அந்த அம்மாவின் பெயரையும் வாசித்தேன். பாதியில் குரல் நின்றுவிட்டது. சபையார் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது என் இரண்டாவது கோழைத்தனம்.

அதன்பின் பல நாள் ஜெபிக்க முடியவில்லை. கிறிஸ்தவன் என்ற பெயரை நான் தாத்தா எழுதிவைத்த சொத்து மாதிரி வைத்திருந்தேன், அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு அது கிடைத்த பொருள். கிடைத்ததென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால் நன்றி வந்தது. என் குடும்பத்துக்கும் ஒரு காலத்தில் நிற்க இடம் கொடுக்கப்பட்டது. அதை மறந்த அன்றைக்கே எனக்குள் நன்றி செத்துப்போயிருக்க வேண்டும். யாரோ கொடுத்த இடத்தில் நிற்கிறவன் நான் என்று உணர்ந்தபோதுதான், ஐம்பது வயதைத் தாண்டி, எனக்கு உண்மையாக ஸ்தோத்திரம் சொல்லத் தெரிந்தது. இனி நான் எதற்காக இருக்கிறேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வருகிறவர்களுக்கு இடம் விட வேண்டும். என் கிறிஸ்தவத்துக்கு இதற்குமேல் பெரிய வேலை எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். நடந்ததற்கு நான்தான் காரணம், கமிட்டி இல்லை என்று சொன்னேன். “தெரியும்யா” என்றார்கள். சட்டப்படி அனுமதி வாங்கி உடலைத் தோட்டத்துக்கு மாற்றலாம் என்றேன். “வேண்டாம். அவுகளுக்குப் பக்கத்துல எனக்கு இடம் கிடக்கு” என்றார்கள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்டு வாங்க முயலவில்லை.

கமிட்டியில் எல்லாவற்றையும் சொல்லிச் செயலர் பொறுப்பை விட்டேன். சபையில் ஞானஸ்நானம் பெற்ற எவருக்கும் தோட்டத்தில் வரிசைப்படி இடம் என்ற தீர்மானத்தை நானே கொண்டுவந்தேன். பெரிய சண்டைக்குப் பிறகு அது நிறைவேறியது. சொந்தக்காரர் சிலர் என்னோடு பேசுவதில்லை. மகளின் புகுந்த வீட்டில் அவளுக்குப் பேச்சு விழுந்தது. என் பயத்துக்கு ஒருவர் விலை கொடுத்தார் என்றால், அதைத் திருத்தப் போனதற்கு என் மகள் விலை கொடுக்கிறாள்.

பையன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மேல்படிப்பு நின்றுபோனது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறான், கோயிலுக்கு வருவதில்லை. அம்மா மட்டும் வருகிறார்கள். போன வருஷம் அவனை வழியில் பார்த்து, அன்றைக்கு நான் செய்தது பாவம் என்று சொன்னேன். தலையைக் குனிந்து முழுவதும் கேட்டான். “சரிங்கய்யா” என்று சொல்லிவிட்டுப் போனான். திண்ணைக்குக் கீழே நின்று சொன்ன அதே குரல். அவன் கோயிலுக்கு வராமல் இருப்பதற்குக் காரணம் நான்.