மெத்தென்று இறங்கும் மிதி



பழைய வாகனம் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்கும் ஆவல் உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ உண்டானால், வண்ணப்பூச்சைக் குறித்து யோசிக்கும் முன்பாகப் பிரேக் மிதியில் காலை வைத்துப் பாருங்கள். அது கல்லின்மேல் ஊன்றியதுபோல் உறுதியாக நிற்கிறதா? அல்லது பஞ்சு மூட்டையை மிதித்ததுபோல் மெத்தென்று இறங்குகிறதா?

மும்பையில் என் மூத்த மகனும் நானும் விடுமுறை நாட்களில் சீர்செய்த வாகனம் சிஜே-3பி ஜீப். 1953-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தி, பின்பு மகிந்திரா நிறுவனம் நம் நாட்டில் பல்லாண்டுகள் தயாரித்த மாதிரி அது. எங்கள் வண்டியில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். நான்குக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர். இன்றைய கார்களில் இருப்பதுபோல் இரண்டு தனிச் சுற்றுகள் அதில் இல்லை. ஒரு சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்து தீர்ந்தால் நான்கின் பிடிப்பும் போய்விடும்.

வண்டியைப் பார்த்த மெக்கானிக் ஒருவர், "ரெண்டு தடவை மிதிச்சா பிடிச்சுக்கும் சார், ஓட்டலாம்" என்றார். உண்மைதான்; அடுத்தடுத்து மிதித்தபோது மிதி மேலெழும்பி நின்றது. ஆனால் கண்டாலாவிலிருந்து கோப்போலியை நோக்கி மலைப்பாதையில் இறங்குகையில், முன்னே செல்லும் லாரி திடீரென்று நின்றால், இரண்டாம் தடவை மிதிக்க நேரம் கிடைக்குமா? பின்னால் மனைவியும் பிள்ளைகளும் அமர்ந்திருப்பார்களே!

மிதி மெத்தென்று இறங்குவதற்குப் பெரும்பாலும் காரணம், குழாய்க்குள் புகுந்த காற்று. ஆயில் அழுத்தத்திற்குச் சுருங்காது, காற்றோ சுருங்கும். கால் கொடுக்கும் விசை சக்கரத்தைச் சேராமல் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. மிதி தாழ்ந்தும் உறுதியாக நின்றால், பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம் என்று அறியலாம். அழுத்திப் பிடித்திருக்க மெல்ல அமிழ்ந்துகொண்டே போனால், எங்கோ கசிவு உண்டு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கிறது.

நாங்கள் முதலில் ஷூக்களைச் சரிப்படுத்தினோம். பின்பு மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள இடது பின்சக்கரத்தில் காற்றெடுக்கத் தொடங்கி, வலது பின்சக்கரம், இடது முன்சக்கரம், கடைசியாக வலது முன்சக்கரம் என்று வந்தோம். நிப்பிளில் மாட்டிய தெளிந்த குழாயின் மறுமுனை, ஆயில் ஊற்றிய கண்ணாடிக் குப்பியில் மூழ்கியிருந்தது. "அழுத்து" என்பேன், "அழுத்திட்டேன்ப்பா" என்று மகன் மிதியைப் பிடித்துக்கொள்வான். நான் நிப்பிளைத் திறக்க, குமிழிகள் வெளிவரும். அதை மூடிய பிறகே "விடு" என்பேன். முந்திவிட்டால், வெளியேறிய காற்று திரும்பவும் உள்ளே போய்விடும். மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் குறையாதபடி அடிக்கடி ஊற்றினோம்.

இரண்டு சுற்று முடிந்து குமிழிகள் நின்றபின்னும் மிதி முழுவதும் உறுதிப்படவில்லை. மகனை மிதிக்கச் சொல்லி, முன்சக்கரத்துக்குச் செல்லும் ரப்பர் குழாயைக் கையால் பற்றினேன். அழுத்தும்போதெல்லாம் அது என் விரல்களுக்குள் உப்பியது! வயதான குழாய், விசையைத் தானே விழுங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் குழாய்கள் அனைத்தையும் மாற்றி, மறுபடியும் காற்றெடுத்தோம். அன்று மாலை, முதல் மிதியிலேயே கால் உறுதியாக நின்றது. பின்பு ஆளில்லாத சமதரையில் மெதுவாக ஓட்டி, பலமுறை நிறுத்திப் பார்த்த பிறகே சாலைக்குச் சென்றோம்.

இன்னும் ஒன்று. டாட் 3 பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதில் அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் 140 டிகிரி வரை தாழலாம். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறும்போது ஆயில் கொதித்து ஆவியாகும். அப்போது மிதி தரைமட்டும் போய்விடும். ஆகையால் மும்பை மழைக்காலத்தில் பாதி திறந்து வைத்த டப்பாவை நம்பாதேயுங்கள். குப்பியில் சேர்ந்த பழைய ஆயிலைத் திரும்ப ஊற்றாதேயுங்கள். இஞ்சின் ஆயிலை ஒருபோதும் ஊற்றாதேயுங்கள். அது ரப்பரை ஊதச்செய்து கெடுத்துவிடும்.

பிரியமானவர்களே, இரண்டாம் மிதியில் பிடிக்கும் பிரேக், பிரேக் அல்ல. வண்டி எத்தனை அழகாய் மின்னினாலும், முதல் மிதியிலேயே கால் உறுதியாக நிற்கும்வரை உங்கள் பிள்ளைகளை அதில் ஏற்றாதேயுங்கள்.