மடித்து வைத்த அட்டை

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதத்தில் என் கைக்கு நன்றாகப் பழகிப்போனது ஒரே ஒரு பொத்தான். மஞ்சள் நிறம். அதன்மேல் 'ரீசெட்' என்று எழுதியிருக்கும்.

அது ஓர் ஆராய்ச்சிக் கதிர்வீச்சு நிலையம். பெயர் வேண்டாம். கோபால்ட்-60 குச்சிகள் ஆழமான தண்ணீர்த் தொட்டிக்குள் கிடக்கும். மாதிரிகளை அறையில் வைத்துவிட்டு, உள்ளே ஆள் இல்லை என்று சுற்றிப் பார்த்து, கோடியில் இருக்கும் பொத்தானை அழுத்தி, குறித்த விநாடிக்குள் வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும். அதன் பிறகுதான் குச்சிகளை மேலே ஏற்ற முடியும். கதவு திறந்தாலோ, தண்ணீர் குறைந்தாலோ, காற்றோட்டம் நின்றாலோ அவை தானாக இறங்கிவிடும். இப்படி ஒன்றோடொன்று கோத்து வைத்த காவலுக்குத்தான் 'இன்டர்லாக்' என்று பெயர்.

புது ரகம் உருவாக்க நெல் விதைக்கு நாங்கள் கொடுத்தது சுமார் 300 கிரே. மனித உடல் முழுவதும் நான்கைந்து கிரே பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால், பாதிப் பேர் பிழைப்பதில்லை.

ஆனால் தினமும் வரும் கோளாறுகள் இவ்வளவு பயங்கரமானவை அல்ல. மாலை இடிமழையில் மின்சாரம் ஒரு கணம் தடுமாறும். காற்றுக்குழாய் சுவிட்சில் தூசி படியும். கதவு சுவிட்ச் மயிரிழை விலகும். உடனே சிவப்பு விளக்கு எரியும், குச்சிகள் இறங்கிவிடும். என்ன கோளாறு என்று பார்த்து, புத்தகத்தில் எழுதி, கதிர்வீச்சு மீட்டரை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மஞ்சள் பொத்தானைத் தொட வேண்டும். இதுதான் முறை.

அந்தக் கதவு சுவிட்ச் இரண்டு வாரத்தில் பதினோரு தடவை தகராறு செய்தது. முதல் மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். கதவு ஒழுங்காகத்தான் மூடியிருந்தது. நான்காவது தடவையிலிருந்து நாற்காலியை விட்டே எழவில்லை. புத்தகத்தில் மட்டும் 'பார்த்தாயிற்று' என்று எழுதினேன். அதை இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

ஒரு நாள் மாலை ஐந்தரை. பல்கலைக்கழக மாணவி ஒருவர் மாதிரிகளுக்காகக் காத்திருந்தார். எனக்கோ கொமுட்டர் ரயிலைப் பிடிக்க வேண்டும். மறுபடியும் சிவப்பு விளக்கு. தேயிலைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, நான்காக மடித்து, சுவிட்சுக்குப் பின்னால் செருகினேன். சுவிட்ச் கதவுப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாள் ஒரு தொந்தரவும் இல்லை. "பரவாயில்லையே, கதவு அடங்கிடுச்சே" என்றார் அண்ணன், என் மேற்பார்வையாளர். நான் சிரித்து வைத்தேன்.

மூன்றாம் நாள் வேறொரு செய்தி வந்தது. கதவின் இரண்டு சுவிட்சுகளும் ஒத்துப்போகவில்லையாம். மேலே இன்னொரு சுவிட்ச் இருப்பதையே நான் மறந்திருந்தேன். இந்தக் கோளாறுக்கு மஞ்சள் பொத்தான் மசியாது. மேற்பார்வையாளரின் சாவி வேண்டும். அண்ணன் மீட்டரை எடுத்துக்கொண்டு நடந்தார். பின்னாலேயே போனேன். நான் சாத்திய வேகத்தில் கதவு துள்ளித் திரும்பி, நாலு விரல் அளவு திறந்து நின்றது. கீழ் சுவிட்சோ மூடியிருக்கிறது என்று சாதித்துக்கொண்டிருந்தது.

அவர் அட்டையை உருவி எடுத்துப் பிரித்தார். அந்தத் தேயிலையை அங்கே குடிப்பவன் நான் ஒருவன்தான். திட்டுவார் என்று நின்றேன்.

"தம்பி, உள்ள கூட்டித் துடைக்க ஓர் அக்கா வர்றாங்கல்ல. அவங்களுக்கு இந்த விளக்கெல்லாம் தெரியாது. கதவு திறந்திருந்தா போகலாம், மூடியிருந்தா போகக்கூடாது. அவ்வளவுதான் தெரியும்."

எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் என் மேசையில் ஓர் அறிக்கை இருந்தது. 1990 ஜூன் 21, இஸ்ரேலின் சொரேக். பெட்டிகள் சிக்கியதால் கதிர்மூலம் தொட்டிக்குள் இறங்காமல் மேலேயே நின்றுவிட்டது. ஒரு கருவி இறங்கிவிட்டது என்றது; கதிர்வீச்சு எச்சரிக்கையோ இல்லை என்றது. இயக்குநர் முதலாவதை நம்பி, காவல்களைத் தாண்டி உள்ளே போனார். இருந்தது ஓரிரு நிமிடம். 36 நாளில் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு எல் சால்வடோரின் தலைநகரில் இதேபோல் சிக்கிய கதிர்மூலத்தை விடுவிக்க மூன்று பேர் உள்ளே போனார்கள். அவர்களில் ஒருவர் பிழைக்கவில்லை. அறிக்கையைப் படித்து முடித்தபோது தேநீர் ஆறிப்போயிருந்தது.

புத்தகத்தில் அட்டை விஷயத்தை என் பெயரோடு எழுதினேன். பொய்யாக எழுதிய 'பார்த்தாயிற்று' ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று திருத்திக் கையெழுத்துப் போட்டேன். எட்டு இடம். ஒரு மாதம் என்னை இயக்கு மேசைப் பக்கம் விடவில்லை. சுவிட்சுக்கு வந்த நோய் என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். தாங்கியில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தது. ஸ்பேனரை வைத்து முடுக்கப் பத்து நிமிடம் ஆனது.

அந்த வெள்ளிக்கிழமையும் அக்கா வழக்கம்போல் வீட்டிலிருந்து கறிபாப் கொண்டுவந்தார். "என்ன தம்பி, முகம் ஒரு மாதிரியா இருக்கு?" என்று கேட்டு, என் தட்டில் இரண்டு வைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனார். நானும் மீட்டரை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தேன்.