பீரோ சாவியும் பாஸ்வேர்டும்



பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த பழைய மாணவன் ஒருவன் என்னைப் பார்க்க வந்தான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இப்போது ஊசி மருந்து தயாரிக்கும் ஆலை ஒன்றில் கருவிப் பிரிவில் வேலை. பெயர் போட்டால் அவனுக்கு வம்பு, வேண்டாம். வடையும் காபியும் கொடுத்து, "ஏன்டா இளைச்சுட்ட?" என்றுதான் கேட்டேன். "மெமோ வாங்கினேன் டீச்சர்" என்றான்.

அவன் வேலை எனக்குப் புரிய ஒரு மணி நேரம் ஆனது. மருந்துக் குப்பிகளை ஆட்டோகிளேவ் என்ற பெரிய பிரஷர் குக்கரில் வைத்து 121 டிகிரி நீராவியில் 15 நிமிடமாவது கிருமி நீக்குகிறார்கள். அந்தச் சூடு நிஜமாகவே வந்ததா என்பதற்குச் சாட்சி, பக்கத்துச் சுவரில் இருக்கும் ரெக்கார்டர். முன்பு அதில் வட்டமான காகிதம் சுற்றும், மைப்பேனா கோடு போடும், அன்றாடம் காகிதத்தைக் கழற்றிக் கையெழுத்திட்டுக் கோப்பில் வைப்பார்கள். இப்போது காகிதம் கிடையாது, திரையும் நினைவகமும்தான். நினைவகம் நிறைந்துவிட்டால் பழையதை அழித்துக்கொண்டே புதியதை எழுதும். அதனால் கோப்புகளை மெமரி கார்டிலோ, வலையமைப்பு வழியாக வேறு கணினியிலோ சேமிக்க வேண்டும். அந்தக் கோப்பை எக்செலில் திறந்து எண்ணை மாற்ற முடியாதாம். அதற்கென்று உள்ள மென்பொருளில்தான் திறக்கும், யாராவது கைவைத்திருந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும். "பழைய ரெக்கார்டரில் மைப்புட்டியைக் கொட்டினாலே போச்சு டீச்சர்" என்று சிரித்தான்.

அடுத்தது யார் எதைத் தொடலாம் என்பது. ஆப்பரேட்டர் பார்க்கலாம், அலாரத்தை ஏற்றுக்கொண்டதாக அழுத்தலாம், அவ்வளவுதான். அளவுகளை மாற்ற நிர்வாகி லாகின் வேண்டும். யார் எப்போது நுழைந்தார், எதை மாற்றினார் என்பதையெல்லாம் கருவியே எழுதிக்கொள்ளும். அமெரிக்காவுக்கு மருந்து அனுப்பும் ஆலைகளுக்கு அந்நாட்டு எஃப்.டி.ஏ. 1997-இல் கொண்டுவந்த விதியே இருக்கிறது. மின்னணுக் கையெழுத்து ஒருவருக்கு ஒன்றுதான், இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது.

இவர்கள் ஆலையில் நடந்தது வேறு. நிர்வாகி லாகின் இவன் பெயரில் இருந்தது, பாஸ்வேர்டோ ஒன்பது பேருக்குத் தெரியும். "ராத்திரி ஷிஃப்டில் அவசரம்னா என்ன பண்றது?" என்று மேலதிகாரியே வாங்கி எல்லோருக்கும் கொடுத்தாராம். ஒருநாள் ஆட்டோகிளேவில் சூடு ஏறவில்லை. 121-க்குக் கீழே இறங்கினால் அலற வேண்டிய அலாரத்தை யாரோ 118 ஆக்கிவிட்டார்கள். கருவியில் பதிவானது இவன் பெயர், இரவு 8.50. இவன் ஆலையை விட்டுக் கிளம்பியது 9.05.

எனக்குக் காபி இறங்கவில்லை. "அந்த மருந்து வெளியே போச்சாடா?"

"இல்லை டீச்சர். அலாரத்தைத்தான் மாத்தினாங்க, சூட்டுக் கோடு உள்ளபடி பதிவாகியிருந்தது. அதைப் பார்த்து அந்த பேட்சை நிறுத்திட்டாங்க."

விசாரணை இழுத்து இழுத்து, மெமோ இவன் கைக்கு வர மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் கருவியின் நினைவகத்தில் அந்த நாள் அழிந்தே போயிருந்தது. ஆனால் தினமும் நள்ளிரவில் கோப்பு தானாக வேறு கணினிக்குப் போகும்படி அமைத்து வைத்தவன் இவன்தான். பழைய கோப்பை எடுத்தான். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்வதற்குள் ரெக்கார்டர் அணைந்து எரியும், அந்த நேரமும் பதிவாகும். ஜெனரேட்டர் அறை நோட்டில் 7.30 என்றிருந்த மின்வெட்டு கருவியில் 7.05 என்றிருந்தது. ஒருநாள் போதாதென்று அந்த மாதத்து மின்வெட்டு ஐந்தையும் ஒப்பிட்டான். ஐந்திலும் அதே 25 நிமிடம். கருவியின் கடிகாரம் பின்தங்கி ஓடியிருக்கிறது! அப்படியென்றால் 8.50 என்பது உண்மையில் 9.15. இவன் அப்போது பேருந்து நிறுத்தத்தில்.

கணக்கில் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டாத பயல் அவன். நான் எழுந்து போய் இன்னும் இரண்டு வடை எடுத்து வந்தேன்.

மெமோ ரத்தானது. மாற்றியது யாரென்று கடைசிவரை தெரியவில்லை, எப்படித் தெரியும்? ஒன்பது பேரும் ஒரே பெயர்.

இதை இத்தனை நீளமாக எழுத எனக்கும் காரணம் உண்டு. வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம், என் வகுப்பு மதிப்பெண் பதிவேட்டில் ஒரு மாணவனின் 28-ஐ பிளேடால் சுரண்டி யாரோ 38 ஆக்கினார்கள். பக்கத்தின் கீழே இருந்தது என் சுருக்கொப்பம். பீரோ சாவி அலுவலக அறை ஆணியில் தொங்கும், யாரும் எடுப்போம், நானும் எடுத்திருக்கிறேன். 17(அ) குறிப்பாணை வந்தது, ஆறு மாதம் ஊதிய உயர்வு நின்றது. பணம் பிறகு வந்துவிட்டது. ஆனால் அன்று ஆசிரியர் அறையில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னிடம் ஜெனரேட்டர் நோட்டும் இல்லை, நேற்றைய பிரதியும் இல்லை. வீட்டில் அப்பாவிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. அவனிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்க ஏடிஎம் பின் நம்பர் யாருக்கெல்லாம் தெரியும் டீச்சர்?" என்றான். மகன், மருமகள், பேத்தி, மருந்துக்கடைக்குப் போய்வரும் பக்கத்து வீட்டுப் பையன். "காபி ஆறுது, குடி" என்றேன்.

இப்போது அங்கே ஆளுக்கொரு லாகின். கடிகாரத்தையும் வலையமைப்போடு இணைத்துவிட்டான். அவன் கிளம்பும்போது மேலதிகாரியிடமிருந்து போன் வந்தது, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே பேசினான். "இல்ல சார், என்னோடது வேண்டாம். காலையில வந்ததும் உங்க பேர்லயே ஒண்ணு போட்டுத் தர்றேன் சார்."