மூடுமுன் காண்டல்

வீடு கட்டுதல் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக மூடிக்கொண்டே செல்லும் தொழிலாகும். கடைக்காலை மண் மூடுகின்றது. கம்பியைக் காங்கிரீட்டு மூடுகின்றது. செங்கற்சுவரைப் பூச்சு மூடுகின்றது. பூச்சினை வண்ணம் மூடுகின்றது. புதுமனை புகுவிழாவிற்கு வருவோர் கண்டு பாராட்டுவது கடைசியில் இட்ட வண்ணத்தையே. அவ்வீட்டைத் தாங்கி நிற்பனவோ அவர்கள் ஒருபோதும் காணாதனவாம். ஆதலின், ஒரு வேலை முடிந்து மறுவேலை தொடங்குவதற்கு இடைப்பட்ட சிறுபொழுதே அவற்றைக் காண்டற்குரிய காலம். அப்பொழுது தவறின், பின்னர் இடித்தலன்றி வேறு வழியில்லை. இவ்வுண்மையை யாம் நூலிற் கற்றிலேம். எமது சிறு வீட்டினைக் கட்டிய பத்துத் திங்களிற் கற்றோம். அதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

எமக்குக் கட்டடத் தொழிலில் யாதொரு பயிற்சியும் இல்லை. வகுப்பறையிற் பாடஞ் சொல்லுதலே எம் தொழில். வேலையை ஏற்றுக்கொண்ட மேஸ்திரியாரோ, எம் தந்தையார் பழைய வீட்டினைக் கட்டிய நாளில் இளைஞராய் வந்து சுண்ணாம்பு குழைத்தவர். சிறு குழந்தையாயிருந்த எம்மைத் தோளிற் சுமந்தவர். யாம் அவரை ‘அண்ணாச்சி’ என்றும், அவர் எம்மைத் ‘தம்பி’ என்றும் அழைப்பது வழக்கம். அத்தகையார் செய்யும் வேலையை அளவுகோல் கொண்டு ஆராய்தல் அவமதிப்பாகும் என்றே முதலிற் கருதினோம். எம் கல்லூரியிற் பயின்று பின்னர்ப் பொறியியல் கற்ற பழைய மாணவர் ஒருவர் அக்கருத்தை மாற்றினார். “ஐயா, விடைத்தாளைத் திருத்துவது மாணவனை அவமதிப்பதாகுமா?” என்று அவர் வினவியபோது எம்மிடம் மறுமொழியில்லை. கடைக்கால் தோண்டிய பின், தூணிற்குக் கம்பி கட்டிய பின், அச்சுப்பலகை பிரித்த பின், தளத்திற்குக் கம்பி பரப்பிய பின், சுவரிற் குழாய்கள் பதித்த பின் எனச் சில நிறுத்தங்களை அவர் எமக்கு எழுதிக் கொடுத்தார். அவ்விடங்களிற் பார்த்து, குறையிருப்பின் தீர்த்து, அதன் பின்னரே அடுத்த வேலையைத் தொடங்குதல் வேண்டும் என்பது அவர் விதி.

முதல் நிறுத்தம் எளிதாகவே கடந்தது. எம் மனை கரிசல் நிலத்தது. கரிசல் மழையிற் பருத்துக் கோடையிற் சுருங்கி வெடிக்கும் இயல்புடையது; அதன்மேல் நிற்கும் சுவரும் அதனோடு அசைந்து பிளக்கும். நான்கடி தோண்டிய பின்னும் குழியின் ஒரு மூலையிற் கரிசலே தோன்றிற்று. கடப்பாரையாற் குத்திப் பார்த்து, மேலும் ஓரடி தோண்டி, உறுதியான சுக்கான் தட்டிய பின்னரே அடிக்காங்கிரீட்டு இட்டோம். செலவு சிறிது கூடிற்று. ஆயினும் மண்ணின் குறை எவருடைய குறையும் அன்றாதலின், அங்கே எவர் முகமும் வாடவில்லை.

எமக்குச் சோதனை வந்தது தூண்களில். ஒருநாள் மாலை அச்சுப்பலகைகளைப் பிரித்தனர். எட்டுத் தூண்கள் வழுவழுப்பாக நின்றன. ஒன்பதாவதாகிய மூலைத்தூணின் அடியில், ஒரு சாண் உயரத்திற்குத் தேன்கூடு போன்ற பொந்துகள் இருந்தன. ஜல்லி தெரிந்தது, ஜல்லியைப் பிணைக்கும் சாந்து அங்கில்லை. “இது ஒன்றுமில்லை, தம்பி, சிமெண்டுப் பால் ஊற்றிப் பூசிவிட்டால் தெரியாது” என்றார் அண்ணாச்சி. ‘தெரியாது’ என்னும் அச்சொல் எம்மைத் தைத்தது. ஆயினும் யாம் யாது செய்தோம்? ஆட்கள் கூலிக்குக் காத்து நின்றனர். அவர்கள் முன்னிலையில் மூத்தவரை மறுத்துரைக்க நாணினோம். ‘சரி, அண்ணாச்சி’ என்று தலையசைத்து வீடு திரும்பினோம். குறையைக் காணாது போதலை அறியாமை எனலாம். கண்டும் தலையசைத்ததற்கு அப்பெயர் பொருந்தாது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அம்மூலைத்தூணை அடுத்து வரவிருந்தது எம் அன்னையார் படுக்கும் அறை. கனடா நாட்டில் செயிண்டு லாரன்ஸ் ஆற்றின்மேல் எழுந்த குவிபெக் பாலத்தின் வரலாறு எம் நினைவிற்கு வந்தது. 1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கட்டப்பட்டு வந்த அப்பாலத்தின் அழுத்தந் தாங்கும் இருப்புறுப்புக்கள் வளைந்திருத்தலை அங்கிருந்தோர் கண்டனர், அளந்தனர், கடிதங்கள் எழுதினர். அவ்வளைவு முன்னரே இருந்தது என்று சிலர் வாதித்தனர். ஆலோசகப் பொறியாளராகிய தியடோர் கூப்பர் நியூயார்க்கு நகரிலிருந்து, பாலத்தின்மேல் இனிச் சுமை ஏற்ற வேண்டாம் என்று அத்திங்கள் 29ஆம் நாள் தந்தியடித்தார். அச்செய்தி பாலத்தில் நின்ற தொழிலாளரை எட்டவில்லை. அன்று மாலையே பாலம் ஆற்றில் வீழ்ந்தது. 75 பேர் மாண்டனர். பாலத்தின் எடையைக் குறைவாகக் கணக்கிட்டமை மூலப்பிழை என்பது உண்மையே. எனினும், இரும்பு வளைந்து காட்டிய அடையாளத்தைக் கண்டவர்கள் இருந்தனர். ‘வேலையை நிறுத்துங்கள்’ என்று அவ்விடத்தில் நின்று சொல்லுவார் இல்லாமற் போயினர். எம் தூண் மிகச் சிறிது. ஆயினும் அன்று மாலை யாம் செய்ததும் அதுவே.

பொழுது விடிந்ததும் மனைக்கு விரைந்தோம். சிமெண்டுப் பால் கரைக்க வாளி வைத்திருந்தனர். “அண்ணாச்சி, நேற்றுச் சரியென்று சொன்னது தவறு. கொத்திப் பார்த்துவிட்டுப் பூசுவோம்” என்றோம். அவர் முகம் கறுத்தது. “நாற்பது வருஷமாகத் தூண் நிறுத்துகிறேன். உன் அப்பா ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை, தம்பி” என்றார். யாம் ஒன்றுங் கூறாது உளியையும் சுத்தியலையும் எடுத்துத் தூணின் அடியில் அமர்ந்தோம். எழுதுகோல் பிடித்த கைக்கு உளி வசப்படவில்லை. சிறிது நேரம் பார்த்து நின்றவர், “கையை உடைத்துக்கொள்ளாதே, கொடு இங்கே” என்று வாங்கித் தாமே கொத்தினார். மேலோடு உதிர்ந்தது. உள்ளே ஒரு கை முட்டி நுழையும் அளவிற்குக் குழி. இரண்டு கம்பிகள் காங்கிரீட்டின் பிடியே இன்றி வெறுமையாய் நின்றன.

அண்ணாச்சி நெடுநேரம் அக்குழியையே நோக்கினார். “மேலேயிருந்து கொட்டியிருக்கிறார்கள், கம்பியால் குத்திவிடவில்லை. நான் அப்போது சாப்பிடப் போயிருந்தேன்” என்று மெல்லக் கூறினார். அவரை வென்றோம் என்னும் மகிழ்ச்சி எமக்கு உண்டாகவில்லை.

தூணின்மேல் அதுகாறும் பாரம் ஏறாமையால் குறை தீர்த்தல் இயல்வதாயிற்று. பழைய மாணவர் வந்து முறை சொன்னார். உறுதியான பகுதி தோன்றுமளவும் கொத்தி, கம்பித் தூரிகையால் தேய்த்து, கழுவி, ஈரமாக்கி, மீண்டும் அச்சு வைத்து, சுருங்காத் தன்மையுடைய கலவையைச் செறிய நிரப்பினர். பின்னர் ஈரச்சாக்கு சுற்றி ஏழு நாள் காத்தோம். அந்நாட்களுக்குத் தமக்குக் கூலி வேண்டாம் என்றார் அண்ணாச்சி. யாம் வற்புறுத்திப் பாதி கொடுத்தோம். ஆனால், சித்தாள் வேலை செய்த பெண்கள் இருவர் வேலையின்றி வேறிடந் தேடிச் சென்றதனைப் பின்னரே அறிந்தோம். பிழை அவர்களுடையதன்று, இழப்பு அவர்களுடையதாயிற்று. அவர்களை எண்ணாமற் போனதும் எம் கணக்கில் நிற்கும் குறையே.

அதன்பின் நிகழ்ந்ததொன்றை யாம் எதிர்பார்த்திலேம். மேல்தளம் இடுதற்கு முந்திய மாலையில் அண்ணாச்சி தாமே எம் இல்லத்திற்கு வந்தார். “தம்பி, நாளைக்குத் தளம். விளக்கை எடுத்துக்கொண்டு வா, இன்றைக்கே பார்த்துவிடுவோம்” என்றார். கம்பிகள் பலகையைத் தொடாதவாறு, 20 மில்லிமீட்டர் கனமுள்ள கட்டைகளை அடியில் வைத்திருந்தார். அவ்விடைவெளி காங்கிரீட்டால் நிரம்பினாலன்றிக் கம்பி துருவேறும். யாம் குறையொன்றும் கண்டிலேம். அவரோ சன்னலின் மேல் நீண்ட சன்ஷேடு அருகில் நின்று, “இங்கே பார்” என்று விளக்கைச் சாய்த்தார். நடந்தவர் காலில் மிதிபட்டு, மேலிருக்க வேண்டிய கம்பிகள் அடியிற் படிந்து கிடந்தன. ஒருபுறமே பிடிப்புடைய பலகை தன் எடையால் முனை தாழ முயலும். அப்போது இழுபடுவது அதன் மேற்பகுதி. கம்பி அடியில் இருப்பின் பயனில்லை; பலகை முறிந்து விழும். அதனை அவரே தூக்கிக் கட்டினார். மறுநாள் தளம் இட்டு முடியுமளவும் அவர் உணவிற்குச் செல்லவில்லை.

இப்பொழுது அத்தூணைப் பூச்சு மூடிவிட்டது. எம் அன்னையார் அவ்வறையில் அமைதியாக உறங்குகின்றார்கள். வருவோர் சுவரின் வண்ணத்தைப் புகழ்கின்றனர். யாமும் நன்றியுடன் கேட்டுக்கொள்கின்றோம்.

மாணவர்காள்! ஆமோஸ் தீர்க்கதரிசி தரிசனத்திற் கண்ட தூக்குநூலைப் பற்றி நம் சிற்றாலயத்திற் பலமுறை கேட்டிருக்கின்றீர்கள். அந்நூல் பிறர் சுவருக்கு மட்டும் உரியதன்று. ஓராண்டு முடிந்து மற்றோராண்டு தொடங்குவதற்கு இடைப்பட்ட இந்நாட்கள் உங்களுக்கும் ஒரு நிறுத்தமாகும். விளங்காத பாடமோ, திருத்தாத வழக்கமோ, கேட்காத மன்னிப்போ அடியிற் பொந்தாக இருக்குமாயின், அதன்மேற் பால் பூசாதீர்கள். பாரம் ஏறுமுன் கொத்திப் பாருங்கள். உளி பிடிக்க உங்கள் கை பழகாததாயின், வெட்கமின்றித் தொடங்குங்கள். அதனை வாங்கிக் கொத்துதற்கு ஓர் அண்ணாச்சி அருகில் நிற்கக்கூடும்.